ஐந்து பெயர்

கேள்வி பதினான்கு:
உங்களுக்கு நெருக்கமான ஐந்து பேரின் பெயர் சொல்லுங்கள்.

காசிமேட்டில், ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால்,
மீன் கழுவிய தண்ணீர் ஓடும் தெருவில்
நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேட்டோம்.
யுவராணி நான்கு விரல் மடக்கினாள்.
ஐந்தாவதற்கு,
"செத்துப் போனவங்க பேரு சொல்லலாமா?"
டேப்லெட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

நான் அறிய விரும்பியது சின்ன விஷயம்.
ஒருத்தி சர்க்கரை பார்த்துக்கொண்டால்
அவள் தோழியும் பார்த்துக்கொள்வாளா?
அதற்காகக் குலுக்கல் போட்டு
பாதிப் பேருக்கு மட்டும் நூறு ரூபாய்ச் சீட்டு கொடுத்தேன்.
"எனுக்கு மட்டும் இல்லியா? இன்னா நாயம் இது?"
லூர்துமேரிக்குச் சமவாய்ப்பு என்று விளக்கினேன்.
அவள் சிரித்த சிரிப்பை
எந்தப் பின்னிணைப்பிலும் சேர்க்க முடியாது.

விடை வந்தது: நூற்றுக்குப் பதினேழு பேர்
தோழியைப் பார்த்துப் போகிறார்கள்.
ஆய்விதழின் மதிப்பீட்டாளர் அதை ஒப்புக்கொண்டார்.
இரண்டாம் அட்டவணையில், இருமலில், பிடித்துக்கொண்டார்:
இவர்கள் ஒருவரைப் போல ஒருவர் ஆனார்களா,
எல்லோர் மேலும் அடிப்பது ஒரே காற்றா?
பிரித்துக் காட்டுக.

சீட்டுக்குக் குலுக்கல் போடலாம்.
எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பும் இரவில்
யார் முதலில் இருமியது என்று
எந்தக் கதவைத் தட்டிக் கேட்பது?
அங்கே தங்கிய மூன்று இரவும்
நானும் இருமினேன்.
என் பெயரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு தணிகாசலம்.
வலை இழுக்கிறவர். ஐந்து பெயரையும் தடங்காமல் சொன்னார்.
அந்த ஐவரில் ஒருவரும் அவரைச் சொல்லவில்லை.
தெருவில் வேறு யாரும் சொல்லவில்லை.
என் வரைபடத்தில் அவரிடமிருந்து ஐந்து அம்புகள் கிளம்பிப் போகின்றன.
வந்து சேர்ந்தது எதுவும் இல்லை.

முகாம் அன்று, மே மாதம், காலை ஆறரைக்கு
பந்தலில் முதல் ஆளாக நின்றவர் அவர்தான்.
சீட்டு கிடையாது. டீகூடக் குடித்திருக்கவில்லை.
கேள்வி இருபத்திரண்டு: யாரைப் பார்த்து வந்தீர்கள்?
"யாரையும் இல்லம்மா. ஃபேன் சுத்தினு இருந்துச்சி."
அளவு முந்நூற்று இருபது.

பெயரேட்டை நேற்று மறுபடி புரட்டினேன்.
அவருக்குப் பின்னால் ஒருவர், பிறகு இருவர்,
ஒன்பது மணிக்குள் அறுபது பேர்.
கேள்வி இருபத்திரண்டுக்குப் பாதிப் பேர் சொன்னது இதுதான்:
"க்யூ நின்னுச்சி, இன்னாவோன்னு வந்தேன்."

'மற்றவை' என்று குறித்திருக்கிறோம்.