தகரம்

இருபத்திரண்டு வருடம்
மேல்வரிசை முன்பல், கீழ்வரிசை முன்பல்,
நடுவில் ஒரு பித்தளை விசில்.
கடலூரிலிருந்து பாண்டிக்கு,
பாண்டியிலிருந்து கடலூருக்கு.

காலையில் துப்பும் நுரை
ரோஜா நிறத்தில் இருந்தால்
பிரஷ் புதுசு என்று நினைத்துக்கொள்வேன்.
வலிக்கவில்லை.
வலிக்காததை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?
சில்லறை குறைந்தால்தான் பையைக் கவிழ்ப்போம்.

போன தை மாதம், கன்னியகோயில் தாண்டி,
முறுக்குகூட இல்லை, வாழைப்பழம்,
அதிலேயே நின்றுவிட்டது பல்.
ஸ்டாப் வருமுன் படியிலிருந்து
ஓடிக்கொண்டே இறங்குகிறவன் மாதிரி
ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் "தவளக்குப்பம்" என்றேன்.
தகரம் வரவில்லை.
காற்று வந்தது. எச்சில் வந்தது.
"அவளக்குப்பம் எங்கண்ணே இருக்கு?"
பின்சீட்டில் சிரித்தார்கள்.
அரியாங்குப்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.
திருப்பாதிரிப்புலியூர் மட்டும்
பாதிதான் வந்து சேர்ந்தது.
ஊதினால், விசிலைத் தவிர எல்லாம் கேட்டது.
தகரம் போனதால்
பஸ்ஸின் தகரத்தைத் தட்டத் தொடங்கினேன்:
ஒரு தட்டு, நில். இரண்டு தட்டு, போ.
டிரைவர் வைத்தியலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை.
அதற்காகவே அவருக்கு ஒரு டீ.

மஞ்சக்குப்பத்தில் டாக்டர் மெஹருன்னிசா
கோடு போட்ட கம்பி ஒன்றை ஈறுக்குள் இறக்கி
எண் சொல்லிக்கொண்டே வந்தார்:
மூன்று, ஐந்து, ஆறு, ஆறு.
"என்ன நம்பர்ம்மா இது?"
"பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பள்ளம். மில்லிமீட்டர்."
நான் பல்லின் விலை கேட்டேன்.

கழற்றி மாட்டுகிற பல் உண்டு.
பாலம் கட்டலாம், ஆனால்
இரண்டு பக்கமும் உள்ள நல்ல பல்லைச் சீவ வேண்டும்
(ஒருவர் உட்கார இருவரை எழுப்புவது
எனக்குத் தெரியாததா).
எலும்பில் திருகாணி இறக்கலாம்,
அந்தத் தொகையைப் பாண்டி டிக்கெட்டாகக் கிழித்துப் பார்த்தேன்,
பஸ் கொள்ளவில்லை.

"எதுவா இருந்தாலும் இப்ப இல்ல" என்றார்.
"முதல்ல ஈறு."

அன்று சாயங்கால ட்ரிப்,
பெண்ணையாற்றுப் பாலத்தில் நெரிசல். நின்றோம்.
ஆற்றில் தண்ணீர் இல்லை.
மணலும் கீழே போயிருந்தது.
தூணுக்கடியில், வேட்டி விலகியதுபோல்,
பார்க்கக்கூடாத ஓர் அகலம் தெரிந்தது.
நாக்கைத் தூக்கி
என் பற்களின் அடியைத் தொட்டேன்.
வயசானால் பல் நீளும் என்றல்லவா இருந்தேன்.
பல் நீளவில்லை.

நான்கு புதன்கிழமை சுரண்டினார்.
என் புகையிலையெல்லாம்
கருங்கல் பொடியாகத் தட்டில் விழுந்தது.
ராத்திரியில் நூல் விடச் சொன்னார்.
"பல்லுக்குத் தையலா?" என்று
செந்தாமரை தன் தையல்பெட்டியை ஒளித்துவைத்தாள்.
முதல் வாரம் நூல் சிவப்பு.
சித்திரையில் அங்கங்கே.
ஆனியில் ஓரிடம் மட்டும், கடைவாயில்,
அடம்பிடிக்கிற பயணிபோல.

ஆடியில் பல் வாங்கினேன். கழற்றி மாட்டுவதுதான்.
கிருமாம்பாக்கத்தில் ஆசையாக ஒரு விசில் ஊத,
பல் குதித்து
ஐந்து ரூபாய் நாணயங்களுக்குள் விழுந்தது.
மீதிக்குக் கை நீட்டி நின்ற பெண்
பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு,
"அது வேண்டாங்க, சில்லறையா குடுங்க" என்றாள்.

விசில் இப்போது வீட்டில் ஆணியில் தொங்குகிறது.
தட்டிப் பழகிவிட்டது.

இன்று முதல் ட்ரிப். மூன்று நாற்பதுக்கு எழுந்து
மென்மையான பிரஷ், மென்மையான கை.
குளியலறைக் கண்ணாடியிடம்
ஊர் எழாதபடி மெல்ல
"தவளக்குப்பம்" என்றேன். இறங்க வேண்டியவர்கள்
இறங்கியிருப்பார்கள்.
துப்பினேன்.
வெள்ளை.
குழாயைத் திறக்காமல்
இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தேன்.