எடைமேடை

"பின்சக்கரம் வெளிய நிக்குதுங்க,
இன்னொரு அடி முன்னால வாங்க."
பதினொரு வருஷத்துக்குப் பிறகு
மேஜர் சென்னியப்பன் என்னிடம் சொன்னது இதுதான்.

மேஜர் என்று எழுதக் கூடாது.
தோள்பட்டைச் சின்னத்தோடு
அந்தச் சொல்லையும் பிடுங்கிக்கொண்டார்கள்.
வெள்ளக்கோவில் சாலையில் அவருக்கு வேறு பெயர்:
திரும்புன மேசர்.
டீக்கடையில் வழி கேட்டால் சிரித்தபடி கை காட்டுகிறார்கள்.

நான் இன்று கொப்பரை ஏற்றி வந்த டிரைவர்.
அன்று அவருடைய வயர்லெஸ்காரன்.

கரியடுப்பு புகைந்த அறையில் ஐந்து அதிகாரிகள்.
ஒருவர் பென்சில் சீவிக்கொண்டே இருந்தார்.
மூன்று நாற்பதுக்கு, மேலே போக மாட்டேன் என்று
இவர் சொன்னாரா? ஆமாம் அல்லது இல்லை.
ஆமாம் சார்.
அவ்வளவுதான் என் சாட்சி.
ரயில்படி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் அவர் என்னிடம் கேட்டதை
யாரும் கேட்கவில்லை:
"எத்தனை பேர் இருக்கோம் திருமூர்த்தி?"
முப்பத்தொன்பது சார்.
மூடுபனியில் ஒவ்வொரு தலைக்கவசமாகத் தொட்டுப் போனார்,
பட்டியில் ஆடு எண்ணுகிறவர் மாதிரி.
அந்தக் கை நடுங்கியதையும் கேட்கவில்லை.
மேட்டில் ஒன்பது பேர் எங்களை எதிர்பார்த்துக்
கூப்பிட்டுக்கொண்டே இருந்ததையும்.
ஐந்து பத்துக்கு அந்தக் குரல் நின்றது.
என் காதில் நின்றது.

எடைமேடைக்கு எதிரே கொறங்காடு.
கிளுவை வேலியோரம் ஒரு புலிக்குத்திக் கல்,
ஈட்டி புலியின் வாயில், குத்தியவன் முகம் மழையில் கரைந்து.
யாரோ அதில் கன்றுக்குட்டி கட்டியிருக்கிறார்கள்.
குத்தினவனுக்குக் கல். சரி.
அந்நேரம் மாட்டையெல்லாம் பட்டிக்கு ஓட்டியவன்
ஒருவன் இருந்திருப்பான்.
அவனும் பயந்துதான் ஓட்டியிருப்பான்.

கேட்டேவிட்டேன்.
ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளை நகர்த்தியபடி
"பயந்தேனுங்க" என்றார்.
அப்போதெல்லாம் என்னை நீ என்பார்.
"பயந்துட்டு எண்ணுனேனா,
எண்ணிப்போட்டுப் பயந்தேனான்னு
இன்னைக்கு வரைக்கும் பிடிபடலீங்க.
மேல இருந்த ஒம்பதையும் சேத்து எண்ணியிருக்கோணும்."

பதினேழாயிரத்து நாற்பது கிலோ.
அறுபது ரூபாய்.
நூறைக் கொடுத்தேன்,
மீதி நாற்பதை இரண்டு தரம் எண்ணிக் கையில் வைத்தார்.
"இப்ப எத்தனை பேர் இருக்கீங்க?"
முப்பத்தேழு, எனக்குத் தெரிஞ்சு.
ஒருத்தன் குடியில் போனான்.
மொஹிந்தர், ஊரில், மோட்டார் கொட்டகையில், கயிற்றில்.
அவர் தலையாட்டவில்லை.

பின்னால் தேங்காய் லாரிக்காரன்
ஹாரனை விடாமல் அடிக்கிறான்.
மேடையை விட்டு இறங்கும்போது
இரும்புத் தகடு ஒருமுறை தூக்கிப்போட்டது.
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்:
எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.