காற்றுக்காக

மூன்று மணிக்கு பிளாட்டரில் மெஜந்தா தீர்ந்தது.
என் செங்கல் சுவரெல்லாம் மஞ்சளாய் வந்தன.
ஷைனிக்கு இரண்டு விரல்கள் பசையில் ஒட்டிப்போக
அந்தக் கையாலேயே மரங்கள் நட்டாள்,
பஞ்சுமரம், ஒன்றுக்கு நூறு.

ஏழே முக்காலுக்கு பாலக்காடு பஸ்.
மடியில் லாரிக்காரர் தங்குமிடம்:
நாற்பது கட்டில், எட்டுக் குளியலறை, ஒரு கூரை.
வாளையார் சாவடி தாண்டியதும்
கணவாய்க் காற்று ஜன்னலில் கைவிட்டுக்
கூரையை மட்டும் எடுத்துக்கொண்டது.
"நிறுத்தணோ மோளே?"
கண்டக்டரைப் பார்க்காமல் வாட்சைப் பார்த்தேன்.
வேண்டாம்.

பதினோராவது ஆள் நான்.
எனக்கு முந்தின ஹரிகோவிந்த்
மூக்கைத் துடைத்தபடி வெளியே வந்தான்.
வெளியூர் ஜூரி குனிந்து
கட்டில்களை எண்ணினார். முப்பத்தொன்பது.
அதைச் சொல்லவில்லை.
"மேலே திறந்து விட்டிருக்கிறாய். துணிச்சல்தான். எதற்கு?"
"காற்றுக்காக, சார்."
பொய்யில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன்.
சாவடிக்கு முன்னால் டிராஃபிக்.
வெங்காய லாரியின் நிழலில்
ஒரு கிளீனர் ஸ்டவ் பற்றவைத்து
அணையாமலிருக்க ஒரு அட்டையைப் பிடித்திருந்தான்.
அதன் மூலையில்
பென்சிலில் என் ரோல் நம்பர்.