பழைய விசிறி

தார்த்து நகரில் பிப்ரவரி.
வெளியே முழங்கால்வரை பனி;
உள்ளே ப்ரீடிக்கின் கணினி மட்டும் வேகிறது.

எண்பது மில்லிமீட்டர் விசிறி.
குட்டி நாய்க்குத்தான் குரைப்பு அதிகம்.

கடைக்காரி வெல்யா
தலை நிமிராமலே சொன்னாள்:
"பெரிசா வாங்கு, மெதுவாச் சுத்தும்.
அதே காத்து, பாதிச் சத்தம்."
அவன் இதழ்களை எண்ணினான்,
பேரிங் என்ன ரகம் என்றான்,
காதோரம் வைத்துச் சுண்டிப் பார்த்தான்,
தர்பூசணி வாங்குபவன் மாதிரி.

இரவு பதினொன்று.
நான்கு திருகு, நான்கு ரப்பர் வளையம்.
ஓடுகிறதா என்று
விரல் நீட்டித்தான் அறிய வேண்டியிருந்தது.
எழுபத்தெட்டு டிகிரி ஐம்பத்தொன்றாக இறங்க,
ஹெட்விக்கைப் பார்த்துக் கட்டைவிரல் உயர்த்தினான்.

தொட்டிலில் லொவீசா கண் திறந்தாள்.
பிறந்த ஏழு மாதமும்
அந்தக் குரைப்பில் உறங்கியவள்.
அவள் வீறிட்டது எத்தனை டெசிபல் என்று
எந்த அட்டைப்பெட்டியிலும் அச்சிடவில்லை.

இரண்டு மணிக்கு,
குப்பைக்கூடையிலிருந்து பழையதை எடுத்து
ஒட்டடை துடைத்து
ஒன்பது வோல்ட் பேட்டரியில் கட்டி
தொட்டிலடியில் வைத்தான்.

எதையும் குளிர்விக்காமல்
கடகடவென்று சுற்றுகிறது அது.
லொவீசா தூங்கிவிட்டாள்,
ப்ரீடிக்கும்.

ஹெட்விக்
காதுக்குப் பஞ்சு தேடுகிறாள்.