முதுகுப்பக்கம்

ஸ்வென்போர்கிலிருந்து ஏரோ தீவுக்கு.
இரண்டு மணி நேரமாய்
பிரேபனின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நீல ஸ்வெட்டர். தோளருகே ஒரு நூல் பிரிந்திருக்கிறது.
காலையில் சாவிக்காகத் தொடங்கிய சண்டை
சாவி கிடைத்த பிறகும் முடியவில்லை.

எங்கள் மொழியில் படகின் வலப்பக்கம் ஸ்டூர்போர்ட்,
செலுத்தும் பக்கம்.
செய்த வேலைக்குக் கிடைத்த பெயர்.
இடப்பக்கம் பாக்போர்ட்.
பாக் என்றால் முதுகு.
அந்தக் காலத்துச் சுக்கான்
வலது விளிம்பில் கட்டிய ஒரு துடுப்பு.
இரு கையாலும் அதைப் பிடித்தவன்
இந்தப் பக்கத்துக்கு முதுகு காட்டி நின்றான்.
அவ்வளவுதான் கதை.

ஆனால்
அவனா வைத்திருப்பான் அந்தப் பெயரை?
தன் முதுகை யார் பார்த்தார்?
உப்பேறிய துணி, ஈரப் பிடரி,
அதையே பார்த்தபடி
இங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்
குளிரில், பேச ஆளில்லாமல்.
முதுகுக்குப் பின்னால்தானே
பட்டப்பெயர்கள் பிறக்கின்றன.

இப்போது சுக்கான் நடுவில் இருக்கிறது.
யாரும் எந்தப் பக்கத்துக்கும்
முதுகு காட்ட வேண்டியதில்லை.
பிரேபன் காட்டுகிறான்.
வலப்பக்கத்துத் தீவு ஒன்றை
விலைக்கு வாங்கப் போகிறவன் போல வெறிக்கிறான்.

பாய்க்கு அடியில்
வெள்ளையாய் ஏதோ பெரிதாகிக்கொண்டே வருகிறது.
பயணிகள் கப்பல்.
இன்றைக்கு வாய் திறப்பதில்லை என்றிருந்தேன்.
"பாக்போர்ட்!"
கத்திவிட்டேன்.

திரும்பினான்.
கப்பலைப் பார்க்கும் முன்
என்னைப் பார்த்தான்.