கரைப்புதூர் பிரிவு

எங்கள் பக்கம் ரோடு பிரியும் இடத்துக்குப் பிரிவு என்று பேர்.
சட்டத்திலும் பிரிவு இருக்கிறது.
அறுபத்து மூன்று, உட்பிரிவு நான்கு:
அந்தச் சான்றிதழில்தான் கையெழுத்துப் போட்டேன்,
பேக்கரி வாசலில், ஏட்டையாவின் வண்டி சீட்டின் மேல் வைத்து,
தேங்காய் பன்னை இடது கைக்கு மாற்றிக்கொண்டு.

"மேற்படி காலம் முழுவதும்
மேற்படி கருவி செவ்வனே இயங்கியது."
முன்பே அடித்து வைத்திருந்தார்கள்.
மாரப்பன் மகன் லோகநாயகம், வயது முப்பத்தாறு,
தொழில் கேமரா மாட்டுவது:
அதுவும் அடித்திருந்தது.

கம்பத்துக்கு நாலு கண்.
பனியன் கம்பெனிக்காரர்கள் சங்கம் பாதிப் பணம் கொடுத்தது.
மீதியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.
பெட்டிக்கு மேல் ஒரு ஒடக்கான் குடியிருக்கிறது.
சாயப்பட்டறை லாரி எது போனாலும்
தலையை ஆட்டும். ஆமாம், ஆமாம்.

சென்னையில் எங்கோ ஒரு கம்ப்யூட்டரும்
அப்படித்தான் ஆட்டியது.
பையைப் பறித்து ஓடுகிறவன் முகத்தைக் கொடுத்தார்கள்.
எண்பத்தொரு சதவீதம், என்றது,
துஷ்மந்த மாஜி, ஒடிசாக்காரன்,
காம்பாக்டிங்கில் துணி மடிப்பவன்.
மிச்சப் பத்தொன்பது யாருடைய முகம்?
அதை யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.
வெளிமாநில ஆட்களைப் பதிவு செய்கிறோம் என்று
ஸ்டேஷனில் வரிசையாக நிறுத்தி எடுத்த படம்.
அன்றைக்கு அவன் எண்ணெய் வைத்து
வகிடெடுத்துச் சீவிப் போயிருந்தான்.

பல்லடம் கோர்ட்டில் அவனுக்குப் பேர் எதிரி.
எதிரி என்னைப் பார்த்துச் சிரித்தான்,
தெரிந்த ஆள் வந்துவிட்டார் என்று.

வக்கீலம்மா கோகிலவாணி நாற்பது நிமிசம்
ஹாஷ் மதிப்பைப் பற்றியே கேட்டார்.
அறுபத்து நாலு எழுத்து.
ஒன்று மாறினாலும் கோப்பில் யாரோ கை வைத்ததாக அர்த்தம்.
மாறலீங்க, என்றேன். நிஜமாகவே மாறவில்லை.
தப்பான மணியும் ஒரு புள்ளி கலையாமல்
அதற்குள் பத்திரமாக இருந்தது.

அவர் கேட்காமல் விட்டது:
அந்த டி.வி.ஆர். கடிகாரம்
பதினோரு நிமிசம் முந்தி ஓடுகிறது.
ஆடி மாசமே எனக்குத் தெரியும்.
முப்பது ரூபாய் பேட்டரி. பாக்கி வரட்டும் என்று விட்டேன்.

திரையில் பை பறிபோவது ஒன்பது ஐம்பத்தெட்டு.
மாஜி விரல் வைத்து வெளியே வந்தது ஒன்பது ஐம்பத்திரண்டு.
கம்பெனியிலிருந்து பிரிவுக்கு ஆறு நிமிச நடை.
போலீஸ் கணக்கு கச்சிதம்.
பதினொன்றைக் கழித்துப் பாருங்கள்:
ஒன்பது நாற்பத்தேழு.
அவன் உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறான்.
(விரல் வைக்கிற பெட்டியின் மணி மட்டும் சரியா?
அதையும் மாட்டியவன் நான்தான்.
ஏணியைப் பிடித்துக்கொண்டவன் அவன்.)

கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, என்று
ஏட்டையா சொல்லியனுப்பியிருந்தார்.
சாட்சிகளுக்கு வழக்கமே அதுதானாம்.
கூண்டிலிருந்து இறங்கியும் விட்டேன்.

டைப்பிஸ்ட் வாசித்துக் காட்டினார்.
என் வாய் பேசியது அவர் வாயில்
வேறு யாரோ படித்தவன் பேசியது போல இருந்தது.
"செவ்வனே" வந்தது.
பேனாவை நீட்டினார்.

"ஐயா, ஒரு திருத்தமுங்க."

நடுவர் அன்றைக்கு முதல் தடவையாக
என் முகத்தைப் பார்த்தார்.
ஏட்டையா ஜன்னலைப் பார்த்தார்.
எதிரிக்குத் தமிழ் அவ்வளவு வராது,
எல்லாரும் திரும்பியதால் அவனும் திரும்பினான்.
"எத்தனை நிமிடம்?"
"பதினொண்ணுங்க."
"எப்போதிருந்து தெரியும்?"
அதுக்குத்தான் நா எழவில்லை.

சாயங்காலம் ஏணியோடு பிரிவுக்குப் போனேன்,
சட்டைப் பையில் புதுப் பேட்டரி.
பெட்டியைத் திறந்த பிறகுதான் உறைத்தது:
தப்பு மணி இப்போது தடயம்.
திருத்தினால் அழித்ததாகும்,
அதுக்கும் ஒரு பிரிவு இருக்கும்.
மூடினேன். ஒடக்கான் கம்பத்தின் அந்தப் பக்கம் போய்விட்டது.
என் கைக்கடிகாரத்தில் ஆறு பத்து.
மேலே, பதிவில்,
ஆறு இருபத்தொன்றில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன்.