நூற்று நாற்பது மில்லி

பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில்தான்
எப்போதும் தும்மல் வரும்.
சேலத்து வெயில் அங்கே முடிந்து
பஸ்ஸின் சன்னல் கம்பியில் குளிர் தொடங்கும்.
கால்மேல் கால் போட்டு ஒரு தும்மலைத் தாண்ட
நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொண்டேன்.
இரண்டு தும்மல் என்றால்
இறங்கும்போது கைப்பை பின்பக்கம் போகும்.

நாலு ரோட்டில், வாக்கரும் வீல்சேரும்
வாசலில் நிற்கிற அந்தக் கடைக்கு
மூன்று முறை போய்
மூன்று முறையும் தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன்.
நான்காம் முறை கடைப்பெண் கேட்டாள்:
"வீட்ல அத்தன பேருக்குமா காய்ச்சல்?"
பிறகு குரலை இறக்கி,
"தூக்கிப் போடறதாக்கா, தொவைக்கறதா?"

தூக்கிப் போடுவதை எங்கே போடுவேன்?
ஏற்காட்டில் குப்பைத் தொட்டியைக்
காட்டெருமை முட்டிக் கவிழ்க்கும்.
மிச்சத்தைக் குரங்கு எடுத்துக்கொண்டு
காலைப் பிரார்த்தனைக்கு வந்து நிற்கும்.
துவைப்பதே கொடு என்றேன்.

வெள்ளை, கறுப்பு, சாம்பல்.
மூன்று உறையிலும் இருநூறு மில்லி என்று போட்டிருந்தது.
பத்தொன்பது வருடம்
கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருப்பவள்
அச்சடித்ததை நம்புவதில்லை.

சனிக்கிழமை, விடுதிப் பிள்ளைகள்
ஏரிப் படகுக்குப் போன மதியம்
லேப் கதவைச் சாத்தினேன்.
உப்புக் கரைசல், உடம்புச் சூட்டில்
(மூன்று தெர்மாமீட்டரும் கடைசியில் உதவின),
மெத்தில் ஆரஞ்சு ஒரு சொட்டு.
அளவு ஜாடியால் இருபது இருபதாக ஊற்றி
மேலே வடிதாள் வைத்து
அரைக்கிலோ எடைக்கல்லை உட்கார வைத்தேன்.

வெள்ளை அறுபதிலேயே தாளை நனைத்தது.
லேஸ் வைத்து அழகாக இருந்ததும் அதுதான்.
கறுப்பு நூறு தாங்கியது, தொடையோரம் கசிந்தது.
கறுப்பில் எதுவும் தெரியாதுக்கா என்றிருந்தாள்.
எனக்குத் தெரிய வேண்டும்.
சிவப்பாக ஏதாவது வந்தால்
முதலில் பார்ப்பது நானாக இருக்கட்டும்.
சாம்பல் நூற்று நாற்பது.
நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

அப்போது கதவு திறந்தது.
டிங்சர் அயோடின் கேட்டு வந்த
பி.டி. மாஸ்டர் ஞானாதிக்கம்.
மேசையில் மூன்று ஜட்டிகள்,
ஒன்றின்மேல் எடைக்கல்.
"பிராக்டிகலுக்கு" என்றேன்.

அவர் போகவில்லை.
கழுத்து விசிலை இரண்டு விரலால்
உருட்டிக்கொண்டே நின்றார்.
"ஆப்பரேஷனுக்கு அப்புறம்
பலமா ஊதுனா…"
ஸ்போர்ட்ஸ் டே அன்று ஏன் கைதட்டியே
ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கினார் என்று
ஸ்டாஃப் ரூமே பேசியது நினைவு வந்தது.

"சாம்பல் எவ்வளவு தாங்குச்சு?"
"நூத்தி நாப்பது. ஆனா உங்களுக்கு
முன்பக்கம் தடிப்பா இருக்கணும் சார், அது வேற மாடல்.
இடுப்ப டேப் வெச்சு அளந்துட்டுப் போங்க.
பேண்ட் சைஸச் சொல்லாதீங்க,
அது பத்து வருசத்துக்கு முந்தினது."

நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதினேன்:
முதலில் பச்சைத் தண்ணீரில் அலசவும்.
வாசனைத் திரவம் ஊற்றினால்
துணி குடிக்க மறந்துவிடும்.
இஸ்திரி கூடவே கூடாது.
"எத்தன வாங்கட்டும்?" என்றார்.

அதுதான் கணக்கு.
சேலத்துக்காரருக்கு மூன்று போதும்,
காலையில் கொடியில் போட்டால் மதியம் அப்பளம்.
இங்கே ஐப்பசி பிறந்தால்
நான்கு அடுக்குத் துணி நான்கு நாளானாலும் காயாது.
பிழிந்து போட்ட இடத்தில்
மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
"ஏழு" என்றேன்.
அயோடின் வாங்காமலே போனார்.

மூன்று வாரம் கழித்து,
மைதானமே மறைந்துபோன ஒரு காலையில்
பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தேன்.
பனிக்குள்ளிருந்து ஒரு விசில்.
நீளமாக.
நிற்காமல்.

போதும் சார்,
உங்கள் மாடலை
நான் இன்னும் அளந்து பார்க்கவில்லை.